உங்களுக்குத் தெரியுமா? நாயின் ஈறைப் பாருங்கள்!

மூக்கு ஈரமாக இருந்தால் நாய்க்கு நோயில்லை என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் ஈறுதான் நம்பகமான சாட்சி. மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். (ஈறே கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழிமையின் உட்புறத்தைப் பாருங்கள்.) ஈறு வெளிறி, நாய் சோறு தொடாமல் சுருண்டு கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா, பபேசியா கிருமிகள் உடலில் புகுந்து ரத்த அணுக்களைச் சிதைக்கின்றன. காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள், அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் நாய்க்கு இயல்பான சூடுதான். தயவுசெய்து வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும்.