பாடசாலைகளை ஒப்பிடும் முறை

ஓர் ஊரைச் சுற்றி மூன்று நான்கு அரசாங்கப் பாடசாலைகள் இருக்குமாயின், அவற்றுள் எது சிறந்தது என்னும் வினா எழுதல் இயல்பே. ஐந்தாந் தரம் முடித்த பிள்ளையை ஆறாந் தரத்தில் எங்கே சேர்ப்பது எனப் பெற்றோர் ஆலோசிக்கும் பொழுது அவ்வினா கூர்மையடைகின்றது. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தியோர் வீதமே பெரும்பாலும் அதற்கு விடையாகக் கொள்ளப்படுகின்றது. அவ்விடை எத்துணை நம்பத்தக்கது என்பது ஆராயற்பாலது.

முதலாவதாக, எல்லாப் பாடசாலைகளும் ஒரே நிலையிலிருந்து தொடங்குவன அல்ல. இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி எனவும், கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி எனவும், பதினோராந் தரத்தோடு அமைபவை இரண்டாம் வகை எனவும் வகுக்கப்பட்டுள்ளன. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில் மத்திய பாடசாலைகள் தோன்றின. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்து வறிய மாணாக்கர் புலமைப்பரிசில் பெற்று உயர்கல்வி எய்துதற்கு இவற்றால் வழி பிறந்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் மிகு புள்ளி பெற்றோர் பெரிய பாடசாலைகளுக்குச் செல்ல, எஞ்சியோரைக் கொண்டே சிறிய பாடசாலை தன் பணியைத் தொடங்க வேண்டியதாயிற்று. தேர்ந்தெடுத்த மாணாக்கரின் பேற்றையும் வந்தவரையெல்லாம் ஏற்ற பாடசாலையின் பேற்றையும் ஒரே கோலால் அளத்தல் பொருந்தாது.

இரண்டாவதாக, சித்தி வீதம் பரீட்சைக்குத் தோற்றியோரை மட்டுமே கணிக்கின்றது. இடையில் நின்றோர் அதில் இடம்பெறார். உதாரணமாக, இரு பாடசாலைகள் ஆறாந் தரத்தில் நாற்பது நாற்பது பேரைச் சேர்த்தன எனக் கொள்க. முதலாவதிற் பரீட்சைக்குத் தோற்றியோர் 20; சித்தியெய்தியோர் 18. இரண்டாவதில் தோற்றியோர் 36, சித்தியெய்தியோர் 27. வீதம் முறையே 90, 75 ஆகும். எனவே முதலாவதே சிறந்ததெனத் தோன்றும். ஆனால் சேர்ந்த நாற்பதின்மருள் கரையேறியோரை எண்ணின், முன்னது 45 வீதம், பின்னது 67.5 வீதம். கட்டாயக் கல்வி வயதெல்லை 2016ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்ட பின்னர், பிள்ளையை இடைவிலகாது காத்தலும் பாடசாலையின் தலையாய கடமையன்றோ?

மூன்றாவதாக, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் உளரா, நூல்நிலையம் திறந்திருக்கின்றதா, பின்தங்கிய பிள்ளைக்குத் தனிக் கவனம் கிட்டுகின்றதா என்பனவும் நோக்கத்தக்கன. இவற்றை நேரிற் சென்றே அறியலாம்.

பிழையான ஒப்பீடு வெறுங் கருத்துத் தவறாக நின்றுவிடுவதில்லை. அதனை நம்பி வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை அயலூருக்கு அனுப்புவர். அண்மைப் பாடசாலையில் மாணாக்கர் தொகை குறையும். அது குறைய ஆசிரியர் தொகையுங் குறையும். இறுதியில் அங்கே எஞ்சுவோர் பஸ் கட்டணம் கொடுக்க இயலாதோரின் பிள்ளைகளே. ஆதலின், எத்தனை பேர் சித்தியெய்தினர் என்று வினவுமுன், எத்தனை பேர் சேர்ந்தனர், எந்நிலையிற் சேர்ந்தனர் என வினவுதலே நேரிய முறையாகும்.