28 பவுண்டில் ஒரு வாழ்க்கை

ஆக்ஸ்போர்டு மாணவர்களின் ஜெபக்குழுவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம். 28 பவுண்டில் வாழ்ந்துவிட்டு, மீதி 2 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்தார். மறு ஆண்டு வருமானம் 60 ஆனது. செலவு அதே 28தான், கொடுத்தது 32. அடுத்த ஆண்டு 90 வந்தபோது 62 போனது. நான்காம் ஆண்டு 120 வந்தது, 92 போனது. ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில் யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இதைச் சொல்கிறார். அந்த யாரோ அவரேதான் என்று படிப்பவர்கள் ஊகித்துக்கொள்கிறார்கள்.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய இந்த ஆங்கிலேயப் போதகர் வறுமையைப் புனிதமென்று போற்றியவர் அல்ல. அதற்கு வழியும் இல்லை. எப்வொர்த் ஊரின் குருவான அவருடைய தந்தை 1705இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். கடன்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் காசின் அருமை தெரியும். 1760இல் அச்சான பணத்தைப் பற்றிய பிரசங்கத்தில், அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமையை எடுத்துக்கொண்டு மூன்று விதிகளைச் சொன்னார்: முடிந்த அளவு சம்பாதி, வீண்செலவை வெட்டி மிச்சம் பிடி, முடிந்ததை எல்லாம் கொடு. சம்பாதிப்பதிலும் கண்டிப்பு உண்டு. உடம்பைக் கெடுக்கும் வேலை கூடாது, சாராய விற்பனை கூடாது, அண்டை வீட்டானின் முடையில் லாபம் பார்க்கும் அடகுத்தொழில் கூடாது.

சொன்னதைச் செய்தும் காட்டினார். 1746இல் லண்டனில் ஏழைகளுக்கென ஒரு கடன் நிதி தொடங்கினார். வசூலான தொகை 30 பவுண்டுக்குச் சற்று மேல். ஒருவருக்கு ஒரு தடவை 20 ஷில்லிங்தான். வாராவாரம் கட்டி மூன்று மாதத்துக்குள் அடைத்துவிட வேண்டும். அந்தச் சிறு தொகை சுற்றிச் சுற்றி வந்து 18 மாதங்களில் 255 பேருக்கு உதவியது. இன்று நம் ஊர் மகளிர் குழுக்களில் உட்கார்ந்து வரவு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

1776இல் வரி அதிகாரிகள், வெள்ளிப் பாத்திரங்களைக் கணக்கில் காட்டவில்லையே என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். புகழ்பெற்ற மனிதர், புத்தக விற்பனையில் நல்ல வரும்படி. அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு, ஆக நான்கு வெள்ளித் தேக்கரண்டிகள்தான் தம்மிடம் உண்டு, சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்குத் தவிக்கும்போது மேற்கொண்டு வாங்குவதாக இல்லை என்று பதில் போட்டார்.

இதுவரை கேட்டால் ஒரு நல்லவரின் கதை, அவ்வளவுதான். வெஸ்லியை முக்கியமானவராக்குவது அவர் முதுமையில் கண்ட சிக்கல். குடியை விட்டு, நேர்மையாக உழைத்து, ஆடம்பரம் தவிர்த்து வாழ்ந்த அவருடைய விசுவாசிகள் பணக்காரர்கள் ஆகிக்கொண்டிருந்தார்கள். பணம் ஏறஏறப் பக்தி இறங்கியது. பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் தருகிறது. அவை இரண்டும் செல்வத்தைத் தருகின்றன. செல்வம் வந்து பக்தியைத் தின்றுவிடுகிறது. 1786இல் இதை எழுதினார். பின்னாளில் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், புராட்டஸ்டண்ட் ஒழுக்கத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தபோது, வெஸ்லியின் இந்த வரிகளையே சான்றாக எடுத்துக் காட்டினார்.

சூதாட்டத்தாலும் திருட்டாலும் வரும் கேட்டைப் பற்றி எந்த மேடையிலும் பேசிவிடலாம். நல்ல பழக்கத்தின் வழியாகவே வரும் கேட்டை என்ன செய்வது? வெஸ்லிக்குத் தெரிந்த ஒரே மருந்து மூன்றாவது விதி. ஆனால் முதல் இரண்டு விதிகளை ஏற்றுக்கொண்ட சபையார் மூன்றாவதற்கு வந்ததும் நழுவுகிறார்கள் என்று கடைசி ஆண்டுகளின் பிரசங்கங்களில் மனம் கசந்து பேசினார். 

இன்றைய செழிப்பு உபதேசம் அந்த மூன்றாவது விதியைத்தான் தலைகீழாக்கியிருக்கிறது. காணிக்கை போடு, நூறு மடங்காகத் திரும்பி வரும் என்கிறார்கள். திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு போடுவது முதலீடு. அதைக் காணிக்கை என்று எப்படிச் சொல்வது? ஆசீர்வாதத்தின் அடையாளமாகக் காரையும் வீட்டையும் காட்டும் சாட்சிகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 28தான் நினைவுக்கு வருகிறது. வருமானம் நான்கு மடங்கானபோதும் செலவு அசையாமல் நின்றதே, ஆவிக்குரிய செழிப்பு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. மாத பட்ஜெட் எழுதும் யாரும் அது எவ்வளவு கடினம் என்று அறிவார்கள்.

வெஸ்லி 1791 மார்ச் 2 அன்று 87 வயதில் இறந்தார். சவ வண்டி வேண்டாம், படாடோபம் வேண்டாம், ஆறு ஏழைகள் தூக்கிச் செல்லட்டும், அவர்களுக்கு 6 பவுண்டு பங்கிட்டுக் கொடுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார்.

மூன்றாவது விதியில் நழுவாதவர்களும் இருந்தார்கள். வெஸ்லியின் உதவியாளர் தாமஸ் கோக் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. தம் சொத்தை மிஷன் பணிக்கே இறைத்தவர். இலங்கைக்கு ஊழியர்களை அனுப்பச் செலவாகுமே என்று மெதடிஸ்த மாநாடு தயங்கியபோது, 6,000 பவுண்டு வரை தாமே ஏற்பதாகச் சொல்லிக் கப்பல் ஏறினார். 1814 மே மாதம் இந்துப் பெருங்கடலில், கப்பலிலேயே இறந்துபோனார். பணப் பொறுப்பெல்லாம் அவரிடம்தான் இருந்தது. அவரோடு புறப்பட்டு வந்து, பம்பாயில் கையில் காசில்லாமல் நின்ற இளம் ஊழியர்களுக்கு அந்த ஊர் வணிகர் ஒருவர் முன்பணம் தந்தார். அதை நம்பித்தான் அவர்கள் பயணத்தைத் தொடர்ந்து காலியில் இறங்கினார்கள். அங்கிருந்து சிலர் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பிரிந்து சென்றார்கள். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த ஆண்டுதான் தொடங்கியது.