பிஎச்பி ஃபைல் ஓடவில்லையா? கோளாறு கோடிங்கில் இருக்காது!

வெப் டெவலப்மென்ட் கற்றுக்கொள்ள ஆரம்பித்த பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வீடியோவைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அதேபோல பிஎச்பி கோடிங்கை அடித்து, சேமித்து, ஃபைலை டபுள் கிளிக் செய்வோம். பிரவுசர் திறக்கும். 'வணக்கம்' என்று வரவேண்டிய இடத்தில் நாம் அடித்த கோடிங்கே வந்து நிற்கும். சில நேரம் ஃபைல் டவுன்லோடு ஆகிவிடும். 'நமக்கு இதெல்லாம் வராதுபோல' என்று அதோடு லேப்டாப்பை மூடிவைத்தவர்களும் உண்டு.

உண்மையில் அந்தக் கோடிங்கில் ஒரு பிழைகூட இல்லாமல் இருக்கலாம். ஓடவேண்டிய இடத்தில் அது ஓடவில்லை, அவ்வளவுதான்.

பிரவுசருக்கு ஏன் புரியவில்லை?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் பிரவுசருக்குத் தெரியும். அந்த ஃபைல்களை டபுள் கிளிக் செய்தாலே வேலை செய்யும். பிஎச்பி அப்படியல்ல. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட நாளிலிருந்தே அது சர்வரில் ஓடும் மொழி. பிரவுசருக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாது.

ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட வந்தவர்தான் பிரவுசர். ஆர்டர் எடுக்கும் சப்ளையர், அப்பாச்சி போன்ற வெப் சர்வர். உள்ளே சமைக்கும் மாஸ்டர்தான் பிஎச்பி. நாம் எழுதும் ஃபைல், மாஸ்டருக்கான சமையல் குறிப்பு. மாஸ்டர் அதைப் படித்துச் சமைத்துக் கொடுப்பார். சப்ளையர் அதை மேசைக்குக் கொண்டுவருவார். அந்தச் சாப்பாடுதான் எச்டிஎம்எல்.

ஃபைலை டபுள் கிளிக் செய்வது, சமையல் குறிப்பைச் சாப்பிட வந்தவர் கையிலேயே கொடுப்பதுபோல. அவர் அதைப் படிக்கலாம், சாப்பிட முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. அட்ரஸ் பாரைப் பாருங்கள். முகவரி 'ஃபைல்' என்று ஆரம்பித்தால் சர்வர் பக்கமே நீங்கள் போகவில்லை. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஆரம்பித்தால்தான் சர்வர் வழியாக வருகிறீர்கள்.

லேப்டாப்பையே சர்வராக்கலாம்

விண்டோஸில் இதற்குப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் சாம்ப். எக்ஸ், ஏ, எம், பி, பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் அதன் பெயர். அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி, பேர்ல் நான்கும் ஒரே தொகுப்பாக வரும். சப்ளையரும் மாஸ்டரும் சேர்ந்தே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்யவேண்டியது மூன்றே வேலை.

1. சாம்ப் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, அப்பாச்சிக்கு நேராக உள்ள ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். பெயர் பச்சை நிறத்துக்கு மாற வேண்டும்.

2. சி டிரைவில் சாம்ப் ஃபோல்டருக்குள் எச்டிடாக்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். உங்கள் ஃபைலை அதற்குள் போடுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைலை அப்பாச்சி தேடி வராது.

3. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, சாய்கோடு போட்டு, ஃபைலின் பெயரைக் கொடுங்கள்.

லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1 என்ற முகவரியின் செல்லப்பெயர். அதற்கு அனுப்பும் கோரிக்கை உங்கள் லேப்டாப்பைவிட்டு வெளியே போகாது. அதனால்தான் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

சாம்ப் வேண்டாம், பிஎச்பி மட்டும் போதும் என்பவர்களுக்கும் வழி உண்டு. 2012-ல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. கமாண்ட் ஒன்றில் அதைத் தொடங்கிவிடலாம். ஆனால் அது சோதனைக்கு மட்டும்தான். வெளியுலகம் பார்க்கும் தளத்துக்கு ஆகாது.

இன்னும் ஓடலையா?

அப்பாச்சி தொடங்கவே மறுக்கிறதா? வெப் சர்வர் வழக்கமாக 80 என்ற போர்ட்டில் காத்திருக்கும். விண்டோஸின் ஐஐஎஸ் போன்ற வேறு மென்பொருள் அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்திருக்கலாம். பேனலில் உள்ள நெட்ஸ்டாட் பட்டனை அழுத்தினால் யார் என்று தெரியும். அதை நிறுத்துங்கள். முடியாவிட்டால் அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் 'லிசன் 80' என்பதை 8080 என மாற்றுங்கள். பிறகு முகவரியிலும் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று அடிக்க வேண்டும்.

404 என்று வருகிறதா? சர்வர் ஓடுகிறது, ஃபைல்தான் கிடைக்கவில்லை. பெயரைச் சரிபாருங்கள். நோட்பேடில் சேமித்திருந்தால், பிஎச்பி என்ற வாலுக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று இன்னொரு வால் ஒட்டியிருக்கலாம். விண்டோஸ் அதை மறைத்துவிடும். வியூ மெனுவில் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்ளும்.

லோக்கல்ஹோஸ்ட் வழியாகப் போயும் கோடிங்கே தெரிகிறதா? ஃபைலின் வால் எச்டிஎம்எல் என்று இருந்தால், சப்ளையர் அதை மாஸ்டரிடம் கொடுக்கவே மாட்டார். இன்னொன்று, தொடக்கக் குறியை <? என்று சுருக்கி எழுதியிருக்கலாம். அதையொட்டி பிஎச்பி என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து முழுசாக எழுதுவதே பாதுகாப்பு.

வெறும் வெள்ளைத் திரையா? பிஎச்பி ஓடியிருக்கிறது, நடுவில் பிழை வந்து நின்றுவிட்டது. பேனலில் லாக்ஸ் பட்டனை அழுத்தி எரர் லாக்கின் கடைசி வரிகளைப் படியுங்கள். எந்த வரியில் அரைப்புள்ளி விட்டுப்போனது என்று அதுவே சொல்லிவிடும்.

இது வெறும் தொடக்கநிலைப் பிரச்சினையா?

இல்லை. 2007 ஆகஸ்ட்டில் ஃபேஸ்புக்குக்கே இது நடந்தது. தளத்தைத் திறந்த சிலருக்கு முகப்புப் பக்கத்துக்குப் பதிலாக அதன் பிஎச்பி கோடிங் தெரிந்தது. அது இணையத்திலும் பரவியது. ஒரே ஒரு சர்வர் சரியாக அமைக்கப்படாததே காரணம் என்று நிறுவனம் விளக்கியது. பயனாளர் தகவல் கசியவில்லை என்றும் சொன்னது.

உங்கள் லேப்டாப்பில் கோடிங் தெரிந்தால் எரிச்சல் மட்டும்தான். வாடிக்கையாளரின் தளத்தில் தெரிந்தால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் சேர்ந்தே தெரியலாம். அதனால் பாஸ்வேர்டு உள்ள ஃபைலை, பிரவுசரால் எட்ட முடியாத ஃபோல்டரில் வையுங்கள். மாஸ்டர் ஒருநாள் வராமல் போனாலும் அந்தக் குறிப்பு மேசைக்கு வராது.

சாம்பை அப்படியே பொதுத் தளமாகத் திறந்துவிடவும் கூடாது. அதில் டேட்டாபேஸின் தலைமைக் கணக்குக்கு ஆரம்பத்தில் பாஸ்வேர்டே கிடையாது. பழகுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அப்படி விட்டிருக்கிறார்கள்.

தளத்தைப் புது சர்வருக்கு மாற்றும்போது, முதலில் ஒரே வரியில் 'வணக்கம்' சொல்லும் பிஎச்பி ஃபைலைப் போட்டுத் திறந்து பாருங்கள். 'வணக்கம்' மட்டும் வந்தால் மற்றதை ஏற்றலாம். கோடிங் வந்தால், சர்வரைச் சரிசெய்யும்வரை வேறு எதையும் ஏற்றாதீர்கள்.