ராஜ்மாவும் ஒரு ராத்திரியும்

டெல்லி கரோல்பாகில் மூன்று பேச்சுலர்கள் ஒரே ரூமில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முறை. ராஜ்மாவை ஊறப்போட மறந்துவிட்டேன். கேஸ் வேறு தீர்கிற நிலைமை. 'நறுக்கென்று இருந்தால்தான் சத்து' என்று புது விஞ்ஞானம் ஒன்றைக் கண்டுபிடித்து, அரைவேக்காட்டில் இறக்கிவிட்டேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு இருக்கிற ஒரே பாத்ரூமுக்கு க்யூ. மறுநாள் மூன்று ஆபீஸ்களில் மூன்று லீவ் லெட்டர்.

டாக்டர் சிரித்தார். "உங்களுக்காகவா சார் அது சேர்த்து வெச்சிருக்கு? தன் பிள்ளைக்குச் சேர்த்தது. பூட்டுப் போடாமயா வைக்கும்?"

வாஸ்தவம்தான். விதைக்குள் தூங்குவது ஒரு குட்டிச் செடி. அது முளைத்து, வேர்விட்டு, சொந்தமாக நைட்ரஜன் உறிஞ்சும் வரை அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை நம்பித்தான் இருக்கிறது. காய் முற்றும் நாட்களில் தாய்ச்செடி தன் இலையில் இருக்கிற புரோட்டீனைக்கூட உடைத்து, அமினோ அமிலங்களாக விதைக்கு அனுப்பிவைக்கிறது. இலை பழுப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

விதையின் செல்களில் ரைபோசோம் என்ற நுண்ணிய பட்டறைகள், ஜீன் சொல்கிற வரிசையில் அந்த அமிலங்களைக் கோத்து ஃபேசியோலின் என்ற புரோட்டீனைத் தயாரிக்கின்றன. மும்மூன்றாகச் சேர்ந்து, செல்லுக்குள் இருக்கும் சின்னச் சின்ன கிடங்குகளில் அது அடைபடுகிறது. பிறகு விதை காய்ந்துவிடும். நாள்பட வைத்தாலும் கெடாது. தண்ணீர் பட்டு முளைக்கும்போதுதான் என்ஸைம்கள் வந்து வெட்டிப் பிரித்துப் பிள்ளைக்கு ஊட்டுகின்றன.

ராஜ்மா புரோட்டீனில் ஏறக்குறைய பாதி இந்த ஃபேசியோலின். அதுவரை அதற்கு வேறு வேலை கிடையாது. சும்மா இருப்பதே உத்தியோகம். (எங்கள் ஆபீஸ் ஞாபகம் வருகிறது, வேண்டாம்.)

அதே கிடங்கில்தான் டாக்டர் சொன்ன பூட்டும் இருக்கிறது. லெக்டின் ஜாதி. குடலின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். வேகாத ராஜ்மா நாலைந்து போதும், வாந்தி, பேதி எல்லாம் வரும். தளதளவென்று கொதித்தால் அடங்கிவிடும். சிம்மில் வைத்து இளஞ்சூட்டில் விட்டால்தான் ஆபத்து.

இன்னொரு விஷயம். செடிக்குப் போதுமான கலவை நமக்குப் போதாது. 1914-ல் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மக்காச்சோளத்தின் 'ஸீன்' என்ற புரோட்டீனை (சினிமா ஸீன் அல்ல) மட்டும் நம்பி எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். எலிகள் இளைத்தன. லைசின், டிரிப்டோஃபேன் என்ற இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்ததும் மளமளவென்று வளர்ந்தன. அரிசியிலும் லைசின் கம்மி, ராஜ்மாவில் தாராளம். ராஜ்மாவில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. அமினோ அமிலம் என்ற பேரே தெரியாமல் பஞ்சாபிக்காரர் ராஜ்மா-சாவல் சாப்பிட்டார், நம் பாட்டி சாம்பார் சாதம் பிசைந்து போட்டாள்.

இப்போதெல்லாம் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகுதான் மசாலா பக்கமே போகிறேன். ஆனாலும் அந்த ரூம்மேட்களில் ஒருவன் எப்போது வீட்டுக்கு வந்தாலும், "எனக்குத் தயிர் சாதம் போதும்டா" என்கிறான்.