விட்டுப்போன 135 கிலோமீட்டர்

“ஓடாம இருந்தா என்னல கொறஞ்சிரப் போவுது?” என்று பெரியம்மா கேட்டாள். தென்காசியிலிருந்து கிளம்புகிற நாள். மூன்று வாரமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த ஷூவைத் தட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பெரியம்மா கேட்டது நல்ல கேள்வி. நெடுந்தூரம் ஓடுகிற எல்லோரும் விடுமுறை முடிந்து வரும்போது அதே கேள்வியைப் பயத்தோடு கேட்டுக்கொள்கிறோம். என்ன குறைந்தது, எவ்வளவு குறைந்தது, அதைத் திரும்பப் பெற என்ன விலை?

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, தூரம், நேரம், நாடித்துடிப்பு, எந்த ஷூ. ஜூன் 7 முதல் 27 வரை 21 வரிகள் வெறுமையாக இருக்கின்றன. அதற்கு முந்தைய நான்கு வாரச் சராசரி வாரத்துக்கு 45 கி.மீ. அந்தக் கணக்கில் விட்டுப்போனது 135 கி.மீ. கிளம்பும் முன் படுக்கையில் எடுத்த நாடித்துடிப்பு 54, எடை 70.2 கிலோ, 10 கி.மீ. ஓட 59 நிமிடம். திரும்பி வந்த மறுநாள் காலை நாடித்துடிப்பு 61, எடை 72.3.

இந்த 54-க்கும் 61-க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை 1980-களிலேயே அளந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் எட்வர்ட் காய்லும் அவரது குழுவினரும் நன்கு பயிற்சி பெற்ற ஏழு பேரை ஓட்டம், சைக்கிள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி 12, 21, 56, 84-ஆம் நாள்களில் சோதித்து 1984-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதுதான் முக்கிய அளவு. அது முதல் 21 நாளில் 7 சதவீதம் இறங்கியது. 56-ஆம் நாளில் இறக்கம் 16 சதவீதம். அதற்குப் பிறகு அங்கேயே நின்றுவிட்டது. தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் அடர்த்தி மட்டும் 84 நாளிலும் குறையவில்லை. வருடக்கணக்கில் ஓடிச் சேர்த்தது மூன்று வாரத்தில் கரைந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

அந்த 7 சதவீதம் எங்கே போனது? 1986-இல் காய்ல் மறுபடியும் பார்த்தார். எட்டு ஆண்கள், இரண்டிலிருந்து நான்கு வாரம் ஓய்வு. அவர்கள் உடலில் இருந்த ரத்தத்தின் அளவே 9 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள ஒருவருக்கு இது 450 மி.லி. ரத்த தானத்தில் ஒரு பெரிய பையில் பிடிக்கிற அளவு. ரத்தம் குறைந்தால் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவும் குறையும். ஈடுகட்ட அது அதிகம் துடிக்கும். என் 54, 61 ஆனதில் பெரும்பகுதி இதுதான். சிரை வழியே திரவம் ஏற்றி ரத்த அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் அந்த எட்டுப் பேரின் திறனும் பழைய நிலைக்கு இரண்டு முதல் நான்கு சதவீதம் அருகில் வந்துவிட்டது. நமக்கு ஊசி தேவையில்லை. மறுபடி ஓடத் தொடங்கினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாளிலேயே ஏறத் தொடங்கிவிடும். முதலில் போவதும் அதுதான், முதலில் திரும்புவதும் அதுதான்.

கடிகாரத்தில் இது எவ்வளவு? ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் தன் புத்தகத்தில் ஓய்வு நாள்களுக்கு ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார். ஐந்து நாள் வரை கழிவே கிடையாது. 14 நாளுக்குத் திறன் அளவை 0.973-ஆல் பெருக்க வேண்டும், 21 நாளுக்கு 0.952-ஆல். எனக்கு அதைப் போட்டுப் பார்த்தால் 59 நிமிட 10 கி.மீ. ஏறத்தாழ 61 நிமிடம் 30 நொடியாகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 15 நொடி. அரை மாரத்தானில் ஐந்தரை நிமிடம். இதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். படியேறும்போதே மூச்சு வாங்கியதை வைத்து நான் மனதுக்குள் போட்டிருந்த நட்டம் இதைவிட மூன்று மடங்கு.

எடைக்கணக்கு வேறு மாதிரி. கூடிய 2.1 கிலோவும் கொழுப்பு என்றால், கிலோவுக்கு 7,700 கலோரி வீதம் 16,170 கலோரி. ஓட்டத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். அப்படியானால் எனக்கு 231 கி.மீ. வேலை. ஆனால் முதல் பத்து நாளில் நான் ஓடிய 32 கி.மீ.க்குள் 1.2 கிலோ இறங்கிவிட்டது. 32 கி.மீ.யால் எரிக்க முடிந்த கொழுப்பு 300 கிராம்கூட இல்லை. மீதி, ஊரில் சாப்பிட்ட கல்யாணப் பந்தியின் உப்பும் ராத்திரிப் பரோட்டாவின் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருந்த தண்ணீர். ஊரிலிருந்து வந்த அன்று தராசைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். எலும்பும் தசையும் மறுபடி வேலைக்குப் போகிற வாரத்தில் பட்டினி போடுவது தப்பு.

கூடுதல் எடையை வேறொரு காரணத்துக்காக மதிக்க வேண்டும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இரண்டரை என்று வைத்தால் 2.1 கிலோ 5.25 கிலோவாகிறது. முதல் நாள் நான் ஓடிய 4 கி.மீ.க்குச் சுமார் 4,590 அடிகள். ஓய்விலிருந்து எழுந்து வந்த கால்கள் 29 நிமிடத்தில் வழக்கத்துக்கு மேல் 24 டன் வாங்கியிருக்கின்றன. ஒரு பெரிய லாரி பாரம்.

அந்த முதல் நாளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஜூன் 28, காலை 5.10, சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை. தென்காசியில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அதிகாலையில் போர்வை வேண்டியிருந்தது. இங்கே விடியும் முன்பே புழுக்கம். வெயிலுக்குப் பழகிய உடல், வெயில் படாத ஒவ்வொரு நாளும் அந்தப் பழக்கத்தில் சுமார் 2.5 சதவீதத்தை இழக்கிறது. 21 நாளில் பாதி. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 10 நொடி என்ற, எனக்கு மிக மெதுவான வேகத்தில் நாடித்துடிப்பு 158-ஐத் தொட்டது. வீட்டுக்கு வந்து தராசில் ஏறினால் 500 கிராம் குறைந்திருந்தது, எல்லாம் வியர்வை. கறுப்புத் தொப்பி காய்ந்ததும் அதன் விளிம்பில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு, நகத்தால் சுரண்டினால் உப்பாக உதிர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே சாலை, அதே 4 கி.மீ., அதே வேகம். நாடித்துடிப்பு 146. வியர்வை 600 கிராம். கூடியிருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். வெப்பத்துக்குப் பழகிய உடல் சீக்கிரம் வியர்க்கும், அதிகம் வியர்க்கும், ஆனால் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொப்பியில் கோடு நூல் அளவுக்கு மெலிந்திருந்தது. அதைக் கழுவாமல் இரண்டு நாள் மேசை மேல் வைத்திருந்தேன்.

இதுவரை சொன்ன ரத்தம், வியர்வை, தண்ணீர் எல்லாம் நாள் கணக்கில் திரும்புகிறவை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மூச்சு பத்து நாளில் சரியாகிவிடும், எலும்பும் தசைநாரும் அந்த நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் குதிகால் தசைநாரில் கட்டுவதைவிட இடிப்பு அதிகம். கட்டுமானம் மிஞ்சுவது அதன் பிறகு, 72 மணி நேரம் வரை. எலும்பில் பழுதான இடத்தைத் தோண்டி எடுக்க மூன்று வாரம் போல ஆகும். அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்ப மூன்று மாதம். தோண்டி முடித்து நிரப்பாமல் இருக்கிற அந்த இடைவெளியில் எலும்பு இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். திடீரென்று தூரத்தைக் கூட்டியவருக்கு முதல் வாரம் ஒன்றும் ஆகாமல் மூன்றாம், நான்காம் வாரத்தில் வலி வருவது இதனால்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பணம் கட்டித் தெரிந்துகொண்டேன். நான்கு வருடத்துக்கு முன் தீபாவளியை ஒட்டி 14 நாள் ஓய்வு. வந்ததும் விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்று முதல் வாரமே 52 கி.மீ. ஓடினேன். உடம்பு நன்றாகத்தான் ஒத்துழைத்தது. 23-ஆம் நாள் இடது கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓரிடம், தொட்டால் வலித்தது. ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தேன், குதிக்க முடியவில்லை. எலும்பு முறிவதற்கு முந்தைய நிலை என்று ஸ்கேனில் தெரிந்தது. ஏழு வாரம் ஓடக் கூடாது.

நோட்டின் பின்பக்கத்தில் அந்தச் செலவு இருக்கிறது. மருத்துவருக்கு மூன்று முறை, 800 வீதம் 2,400 ரூபாய். ஸ்கேன் 6,200. பிசியோதெரபி ஒன்பது நாள், 500 வீதம் 4,500. ஆட்டோ 1,900. ஓடாமல் போன பந்தயத்துக்குக் கட்டிய பணம் 1,600. கூட்டினால் 16,600 ரூபாய். டேனியல்ஸின் அட்டவணைப்படி அந்த வாரம் நான் ஓடியிருக்க வேண்டியது 22 கி.மீ. அவசரத்தால் கிடைத்தது 30 கி.மீ. அதிகம். ஒரு கிலோமீட்டருக்கு 553 ரூபாய். ஏழு வாரத்தில் போனது 315 கி.மீ.

என் சாதாரண கிலோமீட்டரின் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஷூ 6,600 ரூபாய், 600 கி.மீ. உழைக்கிறது, ஆக 11 ரூபாய். வாரத்துக்கு ஓர் இளநீர் 60, வாழைப்பழம் ஐந்து 40, கடற்கரைக்குப் போய்வரப் பெட்ரோல் 90, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு 44. மொத்தம் 234 ரூபாயை 45 கி.மீ.க்குப் பங்கிட்டால் 5.20. ஆக 16 ரூபாய் 20 காசு. அந்த 30 கிலோமீட்டரும் இதைப் போல் 34 மடங்கு விலையில் வந்தவை.

அதனால் இந்த முறை அட்டவணையை அப்படியே பின்பற்றினேன். 6 முதல் 28 நாள் வரை ஓய்வென்றால், எத்தனை நாள் ஓய்வோ அத்தனை நாளில் திரும்ப வர வேண்டும். முதல் பாதியில் பழைய அளவில் 50 சதவீதம், மறு பாதியில் 75. முதல் பத்து நாளில் ஏழு ஓட்டம்: 4, 4, 5, 4, 5, 4, 6. மொத்தம் 32 கி.மீ., எல்லாமே பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். அடுத்த பதினொரு நாளில் எட்டு ஓட்டம், 53 கி.மீ., கடைசி ஒன்று மட்டும் 10. பதினோராம் நாளிலிருந்து, ஓட்டம் முடிந்ததும் 20 நொடி வேக ஓட்டம் ஆறு முறை. ஆறாம் நாள் உடம்பு லேசாகி, இன்னும் மூன்று கிலோமீட்டர் போகலாம் என்று கால் கெஞ்சியது. 4-இலேயே நிறுத்தினேன். இந்த 21 நாளில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது அந்த ஒரு காலைதான்.

ஓடியது 85 கி.மீ., வழக்கத்தைவிட 50 குறைவு. விடுமுறையின் 135-ஐயும் சேர்த்தால் 185 கி.மீ. பற்று. நோட்டில் அதை எழுதி, கீழே கோடு போட்டுவிட்டேன். ஜூலை 19-ஆம் தேதி பக்கத்தில் முன்பாக்கி என்று எதுவும் இல்லை. அன்று படுக்கையில் நாடித்துடிப்பு 55, எடை 70.6. ஜனவரி அரை மாரத்தானுக்கு 24 வாரம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில், வாரத்துக்கு ஆறு நாள் 40 நிமிடம் பயிற்சி செய்தவர்களைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். ஆறு நாளை இரண்டு நாளாக்கினாலும், அல்லது 40 நிமிடத்தை 13 ஆக்கினாலும், வேகம் தளராதவரை ஆக்சிஜன் திறன் 15 வாரத்துக்கு இறங்கவில்லை. என் மூன்று வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆறு ஓட்டம், மொத்தம் நான்கு மணி நேரம். விடுமுறை 504 மணி நேரம். அந்த நான்கு மணி நேரம் எனக்குக் கிடைக்காமல் இல்லை.

தென்காசியில் பெரியம்மா வீட்டிலிருந்து குற்றாலம் பேரருவிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். நல்ல வேகத்தில் 35 நிமிடம். போனில் இதைச் சொன்னேன்.

“அருவிக்குப் போறதுக்கு எதுக்குல ஓடணும்? பஸ்ஸுதான் போவுதே.”

“வரும்போது பஸ்ஸுல வந்துருதேன், பெரியம்மா.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்பம் எண்ணெய அங்க போயித் தேச்சுக்கோ. தேச்சிட்டு ஓடுனா வழுக்கிரும்” என்றாள்.