பழஞ்சேணங்கள் தாங்கி நிற்கும் பெயர்கள்

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற 'கௌபோய்'களைத் திரைப்படங்களில் காணாதவர் நம்மில் அரியர். அவர்களது தொப்பியும் துப்பாக்கியும் நினைவில் நிற்கின்றன. நாள் முழுவதும் அவர்களைத் தாங்கிய சேணத்தையோ, அதனை உருவாக்கிய கைகளையோ எவரும் நினைப்பதில்லை. ஆயினும் நூறாண்டைக் கடந்த அச்சேணங்கள் இன்று அரும்பொருட்களாகத் தேடப்படுகின்றன. வாங்க வருபவர் முதலில் கேட்பது, "இதைச் செய்தவர் யார்?" என்பதையே. பெயர் பெற்ற பட்டறையின் சேணம் எனில் விலை பன்மடங்கு உயரும். பெயர் தெரியாவிடின், எத்துணை நேர்த்தியானதாயினும் அது வெறும் பழந்தோலாகவே மதிக்கப்படும்.

முத்திரை கூறுவது

தோல் ஈரமாக இருக்கையில் உலோக அச்சினை வைத்து அடித்துத் தம் பெயரைப் பதிப்பது அக்காலச் சேணக்காரரின் வழக்கம். இருக்கையின் முன்புறம், பின்னால் எழுந்து நிற்கும் மேட்டின் முதுகு, அங்கவடிக்கு மேலுள்ள அகன்ற தோல் ஆகியன அம்முத்திரையைத் தேட வேண்டிய இடங்கள். பெயருடன் ஊரும் பெரும்பாலும் இருக்கும். காலத்தைக் கணிக்க அவ்வூரே முதற்சான்று.

ஹம்லி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1883இல் டக்கோட்டாப் பகுதியில் தொழில் தொடங்கிய அக்குடும்பம், 1905இல் ஒரிகன் மாநிலத்துப் பென்டில்ரன் நகரில் நிலைகொண்டது. எனவே ஹம்லி என்ற பெயருடன் பென்டில்ரன் என்றும் பொறித்த சேணம் 1905க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. கொலராடோவின் புவெப்லோ நகரில் கலப், பிரேசியர் ஆகிய இருவரும் சிலகாலம் பங்காளிகளாக இருந்து பின்னர் பிரிந்தனர். இருவர் பெயரும் இணைந்து வரும் முத்திரை அக்குறுகிய கூட்டுக்காலத்துக்கு உரியது. வயோமிங் மாநிலமாகியது 1890இல். அதனை இன்னமும் மாநிலமல்லாத 'பிரதேசம்' எனக் குறிக்கும் முத்திரை அதற்கு முந்தியது எனக் கொள்ளலாம்.

முத்திரை தேய்ந்தபோது

பெயர் அழிந்த சேணத்திற்கு அதன் உடலே சாட்சி. ரெக்சாஸ் மாட்டுக்காரர் கயிற்றைச் சேணக்கொம்பில் இறுகக் கட்டிவிட்டே மாட்டைப் பிடிப்பர். இழுவையில் சேணத்தின் பின்புறம் மேலெழாதிருக்க இரு வயிற்றுவார்கள் வேண்டியிருந்தன. கலிபோர்னியரோ கயிற்றைக் கொம்பில் சுற்றி நழுவவிட்டுப் பிடித்தனர். அவர்களுக்கு நடுவே ஒரு வார் போதுமானதாயிற்று. ஆகவே வார்களின் எண்ணிக்கை சேணம் எப்பகுதியின் மரபைச் சேர்ந்தது என்பதை ஓரளவு காட்டும்.

ஆனால் அமைப்பை மட்டும் நம்புதல் ஆகாது. இருக்கையின் பின்மேட்டு விளிம்பில் தோலைப் பின்னோக்கி உருட்டி அமைக்கும் முறை வயோமிங்கின் சியென் நகரில் மீனியா என்பவரின் பட்டறையால் புகழ்பெற்றது. அந்நகரின் பெயரையே அது பெற்றது. விரைவில் ஏனைய பட்டறைகளும் அதனைப் பின்பற்றின. இதனாலேயே தோலிற் செதுக்கிய பூக்களையும் ஓர வேலைப்பாட்டையும் அக்காலப் பட்டறைகள் அச்சிட்டு வெளியிட்ட விலைப்பட்டியல்களின் படங்களுடன் ஒப்பிடுகின்றனர் அறிந்தோர்.

ஏமாற்றும் அடையாளங்கள்

உள்ளேயிருக்கும் மரச்சட்டத்தைப் பல பட்டறைகள் வேறு நிறுவனங்களிடம் வாங்கின. சட்டத்தில் உள்ள பெயர் சேணம் செய்தவருடையதாக இல்லாதிருக்கலாம். சியேர்ஸ், மொன்ட்கோமரி வார்ட் போன்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்கள் பிறர் செய்த சேணங்களைத் தம் பெயரில் விற்றன. அங்கவடித் தோல் விரைவில் தேய்வதால், வேறொரு சேணத்தின் முத்திரைத் தோல் பிற்காலத்தில் இதில் பொருத்தப்பட்டிருக்கவும் கூடும். சுற்றியுள்ள தோல் வழுவழுவெனத் தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் கூர்மையாகத் தெரியின் ஐயுறுதல் நன்று.

பழைய சேணம் ஒன்று கைக்கு வந்தால் உடனே எண்ணெய் பூசுவது பெருந்தவறு. மேலோட்டமான முத்திரை அதில் நிரந்தரமாக மறைந்துபோகலாம். மென்மையான தூரிகையால் தூசு அகற்றி, இருட்டறையில் விளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். நேரொளியில் தென்படாத எழுத்துக்கள் நிழலாய்த் தோன்றும்.

பெயரும் கையும்

அப்பெயர்களுக்குப் பின்னால் நாடுவிட்டு வந்தோர் பலர் உள்ளனர். டென்வரில் பெரும்பட்டறை நடத்திய ஹைசர் ஜேர்மனியில் பிறந்தவர். ஹொலிவூட் நடிகர்களுக்கு வெள்ளி பதித்த சேணங்கள் செய்து புகழ்பெற்ற எட்வேர்ட் போலின் 1895இல் சுவீடனிற் பிறந்து, பதின்ம வயதில் அமெரிக்கா சென்றவர். கொம்பும் வாரும் அமைந்த இச்சேணமே மெக்சிக்கோ மாடுமேய்ப்போர் தந்த கொடை. கலிபோர்னியாவின் புகழ்பெற்ற விசேலியாச் சேணத்தை உருவாக்கியதிலும் மெக்சிக்கோ வழிவந்த கைவினைஞருக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் ஊரறிந்தது பின்னர் உரிமையாளரான வோக்கரின் பெயரையே.

பெரிய பட்டறைகளில் பல கைகள் உழைத்தன. சட்டத்தைத் தோலால் மூடியவர் ஒருவர், பூச்செதுக்கியவர் வேறொருவர். தோலில் இடம்பெற்றதோ உரிமையாளரின் பெயர் மட்டுமே. கூலிக்கு உழைத்த அக்கைவினைஞரில் மிகப் பலரின் பெயர்கள் எம்முத்திரையிலும் இல்லை.

ஆகவே முத்திரையைக் கண்டுபிடித்தவுடன் தேடல் முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. யாருடைய கடையில் விற்கப்பட்டது என்பதை முத்திரை உரைக்கும். யாருடைய கை அதனைச் செய்தது என்பதைத் தையலின் சீரிலும் பூவிதழின் வளைவிலுமே தேட வேண்டும்.