உங்களுக்குத் தெரியுமா? யாரும் பார்க்காத பூவுக்குத் தினமும் 9 கோடி கோரிக்கை!

2021 தொடக்கத்தில், விக்கிமீடியா தளத்தில் இருந்த ஒரே ஒரு ஆஸ்டர் பூவின் படத்தை இந்திய செல்போன்கள் தினமும் சுமார் 9 கோடி முறை கேட்டுக்கொண்டிருந்தன. ஆனால் அந்தப் பூ யார் திரையிலும் தெரியவில்லை!

• காரணம் ஒரு செயலி. திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தை இழுத்தது, காட்டவே இல்லை. விக்கிமீடியாவின் சிங்கப்பூர் தரவு மையத்துக்கு வந்த படக் கோரிக்கைகளில் சுமார் 20 சதவீதம் இந்தப் பூவுக்குத்தான்.

• இப்படி வேறொருவர் தளத்தில் உள்ள படத்தை நேரடியாக இழுப்பதுதான் ஹாட்லிங்கிங். வழக்கமாகப் படம் தெரிவது இழுப்பவர் பக்கத்தில். டேட்டா செலவு படத்தை வைத்திருக்கும் தளத்தின் கணக்கில். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாப் படங்களைப் போட்டுவைக்கும் சின்ன இணையதளத்துக்கும் இது நேரலாம்.

• தடுக்க வழி உண்டு. கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று ‘ரெஃபரர்’ விவரம் காட்டும். வேற்றுத் தளம் என்றால் 403 (அனுமதி இல்லை) என்று சொல்லி சர்வர் மறுக்கலாம். ஆனால் செயலிகள் பல இந்த விவரத்தை அனுப்புவதே இல்லை. அங்கே இது மட்டும் போதாது.

• படத்தை அழித்தாலும் கோரிக்கை நிற்காது. ஒவ்வொன்றுக்கும் 404 (கிடைக்கவில்லை) என்ற பதில் போகும். அந்த 404 பக்கமே படமும் அலங்காரமுமாகக் கனத்தால், அதுவும் செலவுதான். படக் கோரிக்கைக்கு ஒரு வரி பதில் போதும்.

• சர்வர் பதிலில் நினைவில் வைக்க மூன்று எண்கள்: பக்கம் நிரந்தரமாக இடம் மாறியிருந்தால் 301. வேண்டுமென்றே நீக்கியிருந்தால் 410. தேடியது கிடைக்கவில்லை என்றால் மட்டும் 404.